சண்முகத்தின் அமாவாசை

நாளை மறுநாள் முதல் நீங்கள் இருவரும் என் மேசைக்கு வரப்போகிறீர்கள். பணி அனுபவம் எழுதுவது ஓய்வு பெற்றவர்களின் வேலை என்று எனக்கும் தெரியும். எனக்கு அந்த வயதாகவில்லை. கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்துப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் ஓய்வு பெறும்வரை காத்திருந்தால் இந்தக் கோபம் ஆறிவிடும். ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

காரைக்குடியில் நம் அலுவலகத்தை யாரிடம் கேட்டாலும் "பழைய வீட்டைப் பாத்துச் சொல்ற இன்ஜினியர் ஆபீஸா?" என்பார்கள். சரிதான். வீட்டை விற்கிறவர்கள், பங்கு பிரிக்கிறவர்கள், தங்கும் விடுதியாக மாற்றுகிறவர்கள் எல்லோரும் நம் பொறியாளரைத்தான் தேடி வருகிறார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்ப்பார், உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பார், திரும்பி வந்து சொல்லுவார். அதை அறிக்கையாக்கி, யாருக்கு எது போக வேண்டும், யாருக்கு எது போகக் கூடாது என்று பிரித்து அனுப்புவது இந்த மேசையின் வேலை. வெளியே இதற்கு டைப்பிங் என்று பெயர். "டைப்பிங் பிள்ளைகிட்டச் சொல்லுங்க, பேரை எடுத்துத் தரும்" என்பார்கள், தலையிலிருந்து பேன் எடுத்துத் தருகிற மாதிரி.

எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அதை ஒரு மதிய நேரத்தில் கற்றுக்கொண்டுவிடுவீர்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் என்ன யோசிக்க வேண்டும் என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அதில் ஒரு மனிதரின் பிழைப்பு போயிற்று.

நெற்குப்பையில் ஒரு பெரிய வீடு. பல பங்காளிகளுக்குப் பொது. ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் பக்கத்துத் தெருவில் என்று சிதறியிருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து அதை விடுதியாக்கலாம் என்று முடிவெடுத்து, ஓர் ஒப்பந்ததாரரிடம் பழுதுபார்க்கும் வேலையை ஒப்படைத்திருந்தார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பழைய வீட்டில் வேலை நடந்தாலும் அவர் கைதான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: அவருடைய தங்கையைக் கட்டியிருப்பவர் அந்த வீட்டுப் பங்காளிகளில் ஒருவர்.

வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது உள்முற்றத்துப் பக்கம், சுவர்ப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது சாரம் சரிந்தது. பாண்டி என்ற இளைஞன் மேலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கி மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனான். சாரத்தின் குறுக்குக் கம்புகளை அவனே தன் வசதிக்கு அவிழ்த்துவிட்டான், அதனால் அது அவன் தப்பு, சிகிச்சைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒப்பந்ததாரர் சொல்லிவிட்டார். பங்காளிகள் நம் பொறியாளரை விசாரித்து அறிக்கை தரச் சொன்னார்கள்.

அன்று அந்த வீட்டில் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். பூச்சுக்காரர்கள், பெயின்டர்கள், சித்தாள்கள், எலெக்ட்ரீசியன்கள். விசாரித்தால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "நான் அங்குட்டு இருந்தேன் சார், சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தேன்."

ஒருவர் மட்டும் பேசினார். அமராவதிபுதூரிலிருந்து அந்த வீட்டுக்கு மரவேலை பார்க்க வந்துகொண்டிருந்த சண்முகம். வேலை முடிந்து இருட்டும் நேரத்தில் நம் அலுவலகப் படியேறி வந்து, இப்போது தண்ணீர்க் கேன் வைத்திருக்கிறோமே, அந்த மூலையில் நின்றார்.

"உக்காருங்க ஆசாரி" என்றார் பொறியாளர்.

"உக்காந்தா எந்திரிக்க நேரமாகும் சார். சொல்லிட்டுப் போயிர்றேன். ஆனா ஒண்ணு. நான் சொன்னேன்னு வெளிய தெரிஞ்சா இந்தப் பக்கத்துல ஒரு வீட்டு நிலைக்கதவக்கூட நான் தொட முடியாது. எல்லா வீடும் அவுக கையில இருக்கு. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக படிக்குதுக."

"உங்க பேரு வெளிய வராது. நான் பொறுப்பு."

"நீங்க சொல்றீக. எழுதப்போறது இந்தத் தாயிதானே?" என்று என்னைக் காட்டினார். "நீ சொல்லு தாயி."

"வராதுண்ணே" என்றேன்.

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அவர் சொன்னது இதுதான்: "அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம் நான் கிளம்பும்போது ரெண்டாங்கட்டுச் சாரத்தில் குறுக்குக் கம்பெல்லாம் இருந்தது. அமாவாசைக்கு நான் வேலைக்கு வரவில்லை. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஒரு கம்புகூட இல்லை. முகப்புக்கு எடுத்துப் போயிருந்தார்கள். 'எப்படி ஏறுறது' என்று பாண்டி கேட்டான். 'அரை நாள் வேலைடா, ஏறு' என்று மேஸ்திரி சொன்னார். ஏறினான்."

மொத்தமே இவ்வளவுதான். பாண்டியின் மேல் போட்ட பழி இந்தச் சில வரிகளில் உடைந்துபோகும். ஆனால் இதைச் சொன்னது யார் என்று தெரிந்தால் சண்முகம் உடைந்துபோவார். இந்த வரிகள் எல்லாப் பங்காளிகளுக்கும் போயாக வேண்டும், சண்முகம் யாருக்கும் போகக் கூடாது. நீங்கள் உட்காரப்போகும் மேசையின் வேலை இதுதான். இதற்குப் பெயரா டைப்பிங்?

அறிக்கை தயாரானதும் வீட்டுச் செயலாளர் வந்தார். அவரும் ஒரு பங்காளிதான். ஊரிலேயே இருப்பதால் பொது வேலைகளை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். நல்ல மனிதர், சத்தம்போட்டுப் பேசமாட்டார். எனக்கு இன்றைக்கும் அவர் மேல்தான் அதிகக் கோபம். கெட்டவராக இருந்திருந்தால் நான் உஷாராக இருந்திருப்பேன்.

நான் பிடிஎஃப் அனுப்பலாம் என்றேன். அவர் கையை ஆட்டினார்.

"அது ஆகாதும்மா. எங்க வீட்டுல எந்தக் காகிதமும் சுத்துக்கு வரணும். அப்பச்சி காலத்துலேருந்து அப்படித்தான். ஒவ்வொரு பங்கும் படிச்சுப் பாத்து, அடியில 'பார்த்தேன்'னு எழுதி, தோணுனதை ரெண்டு வரி எழுதி அடுத்த பங்குக்கு அனுப்பும். முன்னாடி ஆள் கொண்டுபோய்க் குடுத்தாக, இப்ப வாட்ஸ்அப்புல போகுது. வேர்டாக் குடு. அப்பத்தான் எல்லாரும் எழுதலாம்."

"எழுதுறதுக்குத் தனியா ஒரு வேர்டு ஃபைல் தர்றேன் சார். அறிக்கை மட்டும் பிடிஎஃப்ல இருக்கட்டும்."

"பூட்டி அனுப்புனாப்ல இருக்கும்மா. 'என்னத்த மறைக்கிறீக, எங்களை நம்பலையா'ன்னு கோலாலம்பூர்லேருந்து போன் வரும். நீயா பதில் சொல்லுவே?"

பொறியாளர் என்னைப் பார்த்து, "வேர்டாவே குடும்மா" என்றார். அதோடு நிற்கவில்லை. "செயலாளர் முழுசாப் பாக்கணும்கிறாரு, எதையும் எடுக்காத காப்பி ஒண்ணும் அனுப்பிரு" என்றார்.

"சார், சண்முகம் பேரு அதுல இருக்கே."

"அவரு செயலாளர்மா. கேட்டா எப்படி இல்லேங்கிறது?"

பெயர் வராது, நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தவரும் இவர்தான், மரியாதைக்காக முழுக் காப்பியைத் தூக்கிக் கொடுத்தவரும் இவர்தான். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தார், இரண்டுக்கும் நடுவில் அவருக்கு எந்தச் சங்கடமும் தோன்றவில்லை. வாக்கு ஒருவர் வாயில் இருக்கிறது, அதைக் காப்பாற்றுகிற விசைப்பலகை இன்னொருவர் கையில் இருக்கிறது. நீங்கள் அந்த இன்னொருவர். "முழுசா ஒரு காப்பி" என்று யார் கேட்டாலும், எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். முறைப்பார்கள். முறைக்கட்டும்.

மறுநாள் செயலாளர் உற்சாகமாக வந்தார். போனை என் முன்னால் நீட்டினார்.

"உனக்கு வேலை மிச்சம்மா. நானே பேரை எடுத்துட்டேன். பாரு, கறுப்பா அடிச்சாச்சு. சுத்துக்கு விட்டுரவா?"

சண்முகம் என்று வந்த இடங்களில் எல்லாம் கறுப்புப் பட்டை. பார்க்க அமர்க்களமாகத்தான் இருந்தது, ரகசியப் பத்திரம் மாதிரி. நான் அவர் போனிலேயே ஒரு பட்டையின் மேல் விரலை வைத்து அழுத்தினேன். காப்பி என்றது. அதே போனில் அவருடைய சம்சாரத்துக்கு எழுதும் வாட்ஸ்அப் பெட்டியில், அனுப்பாமல், பேஸ்ட் செய்து காட்டினேன். 'சண்முகம், ஆசாரி, அமராவதிபுதூர்' என்று விழுந்தது.

செயலாளர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அடியாத்தி. உள்ளேயா இருந்துச்சு?"

"எங்க சார் போகும்? மேல ஒரு கலர் பூசியிருக்கீங்க. எழுத்து அப்படியே கிடக்கு."

"சரி, யாரும்மா அம்புட்டுத் தூரம் தோண்டிப் பாக்கப்போறாக?"

"தோண்ட வேண்டாம் சார். விரலை வச்சாப் போதும். உங்க வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

அதன்பிறகு ஃபைலை என்னிடமே விட்டார். நான் ஒழுங்காகச் செய்தேன். பட்டை எதுவும் அடிக்காமல் எழுத்தையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'சாட்சி' என்று போட்டேன். ஃபைண்டில் சண்முகம் என்று தேடியபோது சண்முகத்தை, சண்முகத்திடம் எல்லாம் அகப்படாமல் உட்கார்ந்திருந்தன. கண்ணால் வரிவரியாகப் படித்துப் பிடித்தேன். பொறியாளர் ஓரத்தில் எழுதியிருந்த கமெண்டுகள், பழைய திருத்தங்களைக் காட்டிக்கொடுக்கும் ட்ராக் சேஞ்சஸ், எல்லாவற்றையும் ஒழித்து, சுத்தமான எழுத்தை மட்டும் புதிய ஃபைலில் இறக்கினேன். இதோடு முடிந்தது என்று எழுந்தால் வேலை தெரிந்தவர் என்ற பெயர் கிடைக்கும். கிடைத்தும் பிரயோஜனமில்லை.

திரும்ப உட்கார்ந்தேன். இந்த முறை ஒப்பந்ததாரராகப் படித்தேன். அவருக்கு யார் சொன்னது என்று தெரிய வேண்டும், ஆத்திரமாக இருக்கிறது, கையில் இந்தத் தாள் இருக்கிறது. எங்கே தேடுவார்? அப்படிப் படித்தபோது பெயரே இல்லாத ஒரு வரி என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

'அமாவாசைக்கு நான் வேலைக்கு வரவில்லை.'

உங்களில் ஒருவர் வெளியூர், அதனால் சொல்கிறேன். நம் பக்கத்தில் மரவேலைக்காரர்களுக்கு அமாவாசைதான் லீவு. அன்று உளியைத் தொடமாட்டார்கள். முன்பு கொத்தனார்களும் அப்படித்தான் இருந்தார்கள். இப்போது ஒப்பந்ததாரர்களிடம் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டார்கள். நெற்குப்பை வீட்டிலும் அத்தனை பேருக்கும் ஞாயிறு லீவு. சண்முகம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து இழைத்துக்கொண்டிருப்பார், அமாவாசைக்கு வரமாட்டார். பாண்டி விழுந்ததற்கு முந்தின நாள் அந்த வீட்டுக்கு வராத ஒரே ஆள் அவர்தான்.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. அந்த வரியை மாற்றி 'நேற்று கம்பு இருந்தது' என்று நானாக எழுதிவிடலாமா? கூடாது. சாட்சி சொல்லாததைச் சாட்சியின் வாயில் வைக்க எனக்கு உரிமை கிடையாது. எடுக்கலாம், எடுத்த இடத்தை எல்லோருக்கும் தெரியும்படி காட்டலாம். அமாவாசை வந்த இரண்டு வாக்கியத்தையும் எடுத்து, அங்கே சதுர அடைப்புக்குள் 'சாட்சியின் அடையாளம் கருதி ஒரு பகுதி நீக்கப்பட்டது' என்று போட்டேன். சரிந்த அன்று காலையில் கம்புகள் இல்லை என்பது மீதி வரிகளிலேயே இருந்தது. கம்புகள் எப்போது கழற்றப்பட்டன என்பதைப் பொறியாளர் தன்னுடைய முடிவுரையில் தன் பொறுப்பில் எழுதிக்கொள்ளட்டும் என்று அவரிடம் சொன்னேன்.

"ரொம்ப யோசிக்கிறம்மா" என்றார். ஆனால் எழுதிக்கொடுத்தார்.

செயலாளருக்கு அந்த அடைப்புக்குறி பிடிக்கவில்லை.

"இது என்னம்மா, பல்லு விழுந்தாப்ல நடுவுல ஒரு ஓட்டை? பங்காளிக சும்மா விடுவாகளா? என்னத்த வெட்டுனீகன்னு முதக் கேள்வியே அதுதான் வரும்."

"அதுல அமாவாசை இருக்கு சார். அன்னைக்கு லீவு போட்ட ஆளு ஒருத்தருதான்."

"அமாவாசை ஒரு பேரா?" என்று சிரித்தார். "காலண்டர்ல போட்டிருக்கு, அதையும் வெட்டிரலாமா?"

பொறியாளரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுபடி விளக்கினேன், குரல் உயர்ந்துவிட்டது, பொறியாளர் "விடும்மா" என்றார். கடைசியில் செயலாளர், "சரி சரி, நீ சொல்றபடியே அனுப்புறேன்" என்று சொல்லி ஃபைலை வாங்கிக்கொண்டு போனார். நான் நம்பினேன்.

ஃபைல் ஒரு சுற்று முடிந்து நம் அலுவலகத்துக்கு ஒரு காலை நேரத்தில் திரும்பி வந்தது. திறந்தேன். என் அடைப்புக்குறியைக் காணவில்லை. முழுக் காப்பியிலிருந்து அந்த இரண்டு வாக்கியங்களை எடுத்து, அழகாக அதே எழுத்துருவில், பழைய இடத்திலேயே ஒட்டியிருந்தார் செயலாளர். கடைசிப் பக்கத்துக்குப் போனேன். ஒவ்வொரு பங்காக 'பார்த்தேன்', 'பார்த்தேன்', 'பார்த்தேன்' என்று எழுதியிருந்தது. ஒருவர் விடுதியை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டிருந்தார். ஒருவர் சமையல்கட்டுக்கு ஓடு மாற்றச் சொல்லியிருந்தார். ஒப்பந்ததாரரின் தங்கை வாழ்க்கைப்பட்ட பங்கு இப்படி எழுதியிருந்தது:

'பார்த்தேன். உள்ளதை உள்ளபடி சொன்ன ஆசாரிக்கு எங்கள் நன்றி.'

அதற்கு அடுத்த பங்கு, அதன் கீழேயே, 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதி அடுத்தவருக்கு அனுப்பியிருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. அந்த நன்றியைப் படித்துவிட்டு ஒருவர்கூட, இது என்ன பேச்சு என்று கேட்கவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையான மிரட்டலை நான் படித்ததில்லை.

சண்முகத்தைக் கூப்பிட எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோதே படியில் சத்தம் கேட்டது. தோளில் உளிப்பை, கையில் மரம் அறுக்கும் வாள், இழைப்புளி எல்லாம் கட்டிய சாக்கு. மூலைக்குப் போகவில்லை. நேராக வந்து பொறியாளருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வாசல்லயே நிறுத்திட்டாரு மேஸ்திரி. சாமானெல்லாம் எடுத்து வெளிய வச்சிருக்கு. 'நீங்க அமாவாசைக்காரவுகளாச்சே, இங்க ஞாயித்துக்கெழமைக்காரவுகளே போதும்'ன்னு சொல்றாரு. சுத்தியும் நிக்கிறவன் சிரிக்கிறான். பள்ளத்தூருல ஒரு வீடு பேசியிருந்தேன், அவுகளும் போன் போட்டு வேணாம்னுட்டாக."

பொறியாளர் செயலாளரை வரவழைத்தார். செயலாளர் வந்தார், விஷயத்தைக் கேட்டார், முகம் வெளுத்தது. ஆனால் முதலில் செய்தது என்ன தெரியுமா? போனைத் திறந்து சண்முகத்திடம் காட்டினார்.

"இந்தா பாருங்க ஆசாரி. பக்கம் பக்கமாத் தேடிட்டேன். உங்க பேரு ஒரு இடத்துலகூட இல்லை. சத்தியமா இல்லை."

"எம்பேரு ஒங்களுக்கு எப்பய்யா தெரியும்?" என்றார் சண்முகம்.

செயலாளர் போனைக் கீழே வைத்தார்.

"இந்தக் காகிதத்தைப் பாத்துத்தானே தெரிஞ்சுக்கிட்டீக? ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தக்கால் இழைச்சேன், ஊஞ்சப்பலகை மாத்துனேன். என்னைக்காச்சும் சண்முகம்னு கூப்புட்டிருக்கீகளா? அங்க எல்லாருக்கும் நான் ஆசாரிதான். சண்முகத்தை எடுத்துட்டு, அமாவாசையைப் போட்டு ஆசாரியை அப்படியே நிறுத்தி வச்சா, அதுக்குப் பேரு மறைக்கிறதாய்யா?"

எனக்குப் பேச வேண்டியிருந்தது. அந்த இரண்டு வரியை எடுத்து வைத்திருந்தேன் சார், நீங்கள்தான் திரும்பப் போட்டீர்கள், என்று செயலாளரிடம் சொன்னேன். நான் சொன்னபோது இந்த அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள் என்றும் சொன்னேன். பொறியாளர் ஜன்னலைப் பார்த்தார். செயலாளர் மெதுவாக, "பேரு இல்லையேன்னு நெனச்சேம்மா" என்றார்.

இந்த வாக்கியத்தை நீங்கள் வேலை பார்க்கிற காலமெல்லாம் கேட்பீர்கள். பேரு இல்லையே, நம்பர் இல்லையே, போட்டோ இல்லையே. சொல்பவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம் ஊரில் ஒருவரைப் பெயரை வைத்தா கண்டுபிடிக்கிறோம்? எந்த பஸ்ஸில் வருவார், எந்த நாளில் வரமாட்டார், யாரை மாமா என்பார், எந்தக் கடையில் டீ குடிப்பார் என்று வைத்துத்தானே? சென்னையில் யாரோ செய்த ஒரு பொதுப் படிவத்தை வைத்துக்கொண்டு, பெயர், முகவரி, அலைபேசி என்று மூன்றை அழித்துவிட்டு ஆளை மறைத்துவிட்டதாக நினைப்பது சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனத்தின் கூலியை, ஃபைலைத் தொடாத ஒருவர் கொடுக்கிறார்.

ஒப்பந்ததாரரோ இதற்குள் தன் பங்குக்கு வேறு ஒன்று சொல்லியிருந்தார். பெயர் இல்லாத சாட்சி கட்டுக்கதை, இன்ஜினியரே எழுதிக்கொண்டது, ஏற்க முடியாது என்று. சாட்சி யாரென்று தெரிந்து வாசலில் நிறுத்தவும் முடியும், சாட்சியே இல்லை என்று சொல்லவும் முடியும். இரண்டு பக்கமும் கூர்மையாக வைத்திருந்தார்.

பொறியாளர் இதைச் சொன்னதும் சண்முகம் எழுந்து என் மேசைக்கு வந்தார்.

"தாயி, எம்பேரைப் போடு."

"வேணாம் ஆசாரி" என்றார் பொறியாளர். "பேரைப் போட்டு வெளிய விட்டா அப்பறம் திருப்பி எடுக்க முடியாது."

"திருப்பி எடுக்க முடியாதது எல்லாம் ஏற்கெனவே போயிருச்சே சார், இன்னும் எதைக் காப்பாத்துறீக? இப்ப மூடி வச்சா எனக்கு வேலையும் இல்லை, அந்தப் பய பாண்டிக்கு நாயமும் இல்லை. போடு தாயி. ஊரோட போடு. அமாவாசையையும் விட்டுறாத."

ஒரு நிமிடம் பொறியாளரைப் பார்த்தேன். எடுப்பதும் வைப்பதும் நம் தீர்மானம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது நமக்கு இரவல் கொடுக்கப்பட்ட உரிமை. பெயருக்குச் சொந்தக்காரர் எதிரே நின்று கேட்டால், அவர் முடிவு செய்துவிட்டார் என்றால், அப்புறம் நாம் யார்? 'சாட்சி' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'சண்முகம், மரவேலை, அமராவதிபுதூர்' என்று தட்டினேன். எவ்வளவு கவனமாக அழித்த எழுத்துகள்! ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன், கோபத்தோடுதான். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் அடியில் கையெழுத்துப் போட்டார். எழுத்து நிதானமாக இருந்தது.

இந்த முறை பிடிஎஃப் அனுப்பினேன். யாரிடமும் கேட்கவில்லை. செயலாளரும் வேர்டு கேட்கவில்லை.

பெயரோடும் கையெழுத்தோடும் ஒருவர் நின்றபோது ஒப்பந்ததாரரால் கட்டுக்கதை என்று சொல்ல முடியவில்லை. பாண்டியின் சிகிச்சைச் செலவை வீட்டுக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பங்காளிகள் எல்லோரும் மறுபடி 'பார்த்தேன்' என்று எழுதி அனுப்பினார்கள். பாண்டிக்கு நல்லபடியாக ஆகட்டும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சண்முகத்தைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்கள் என்று ஒருவர்கூட எழுதவில்லை. எழுத இடமில்லாமல் இல்லை. வழக்கமாகச் சமையல்கட்டு ஓடு பற்றியெல்லாம் எழுதுகிறவர்கள்தானே.

அறிக்கை நன்றாக முடிந்தது என்று பொறியாளர் இன்றும் வருகிறவர்களிடம் சொல்கிறார். என்னைப் பற்றியும் நல்ல விதமாகத்தான் சொல்கிறார். "நம்ம பிள்ளை அப்பவே சொல்லுச்சு" என்பார். அப்பவே சொன்னதை அப்பவே கேட்டிருந்தால் எனக்கு அந்தப் பாராட்டு தேவைப்பட்டிருக்காது. உங்களிடம் அவர் இதே கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடும். அதனால்தான் நான் முந்திக்கொண்டேன்.

நீங்கள் இருவர் இருக்கிறீர்கள், அது நல்லது. ஒருவர் எடுத்து முடித்ததும் இன்னொருவர் எதிராளியாக உட்கார்ந்து படியுங்கள். கொஞ்சம் கெட்ட புத்தியோடு படியுங்கள். பிடிபட்டால் சண்டை போடுங்கள், குரலை உயர்த்துங்கள். விடும்மா என்றால் விடாதீர்கள். நான் அந்த ஒரு முறை விட்டேனே என்பதல்ல என் வருத்தம். விடச் சொல்வதற்கு இங்கே எல்லோருக்கும் அவ்வளவு சுலபமாக வாய் வருகிறதே, அதுதான்.

போன வாரம் கோட்டையூர் நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நீலச் சட்டை போட்ட ஒருவர், பாக்கெட்டில் கம்பெனிப் பெயர் பின்னியிருந்தது. திரும்பிப் பார்த்தால் சண்முகம். மதுரை ரோட்டில் கட்டில், பீரோ செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். மிஷின் அறுத்துத் தருகிற பலகைகளைத் திருகாணி போட்டு இணைக்கிற வேலை. பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றார். பாண்டி ஊன்றுகோல் பிடித்து நடக்கிறான், பார்த்துவிட்டு வந்தேன் என்றார். இன்றைக்கு அமாவாசை ஆயிற்றே, வேலை உண்டா என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கம்பெனியில அமாவாசை ஏது தாயி? இப்ப எனக்கும் ஞாயித்துக்கெழமைதான். இனிமே எவனும் என்னையக் கண்டுபுடிக்க முடியாது, பாத்துக்க."